ஓடப் பழகுகிறேன்

நாரணாபுரம்
10.2.2025

அன்புள்ள பொன்மணி,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால் கடிதம். ஓவியாவுக்குச் சளி விட்டதா?

ஒரு மாதமாக ஓடப் பழகுகிறேன். சிரிக்காதே. மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடும் மாரிசெல்வி என்ற பெண், "நீங்க ஓடலண்ணே, தரையில பெடல மிதிக்கீக" என்கிறாள். பதினைந்து வருடம் சைக்கிளில் வேலைக்குப் போன உடம்பு. முதுகு தானாகக் குனிகிறது. மூச்சு வாங்கவில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. குதிகாலை நீட்டிக் குத்தாமல் சின்ன அடியாக வைக்க வேண்டுமாம், நிமிர்ந்து முன்னால் பார்க்க வேண்டுமாம்.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் நாலாம் ரூம் வெடித்த அன்று என் கால் உன் பக்கம் ஓடவில்லை. சைக்கிளைத்தான் தேடியது. இனி அப்படி நடக்காது. வீட்டுக்கு வந்துவிடு.

உன்
பாண்டிராஜ்

அச்சங்குளம்
17.2.2025

ஓவியா அப்பாவுக்கு,

ஓவியா சுகம். சளி விட்டுவிட்டது.

கால்மேல் பழி போட வேண்டாம். காலுக்கு என்ன தெரியும்? நான் அடுத்த ரூமில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கை வெந்து நான் வெளியே வந்தபோது, நீங்கள் வெம்பக்கோட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தீர்கள். என்னைத் தூக்கியது யாரோ ஒரு லோடுமேன்.

இங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறேன். ஜூனில் ஓவியாவையும் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன். அவள் பிறப்புச் சான்றிதழை அனுப்பி வையுங்கள். அதன் பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம்.

பொன்மணி

நாரணாபுரம்
6.3.2025

அன்புள்ள பொன்மணி,

சான்றிதழைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நேரில் தரலாம், நான் ஓடுவதையும் நீ ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் நேற்று ரோட்டு விலக்கில் சைக்கிளை விட்டுவிட்டு உன் கம்பெனி வேலியோரமாக ஓடினேன். பட்டாசு வேலை பார்த்தவன், மறந்துபோனேன். நம் பக்கத்தில் வேலை நேரத்தில் எவன் ஓடினாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கோ வெடித்துவிட்டது என்று தாங்களும் ஓடுவார்கள். நாற்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினீர்கள். வேலுத்தாய் மதினி விழுந்து கை முறிந்ததாகச் சொன்னார்கள். ஃபோர்மேன் என்னை அடித்தார். வாங்கிக்கொண்டேன்.

நீ எழுதியது சரி. கால் இல்லை, பயம்தான். உயிர்ப்பயத்தில் உன்னை விட்டுவிட்டுப் போனேன்.

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது.

பாண்டிராஜ்

அச்சங்குளம்
9.3.2025

ஓவியா அப்பாவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது.

மதினிக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது. உங்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். நேற்று போய்ப் பார்த்தேன். "விழுந்து கெடந்து ஒன்னயத்தான் கூப்புட்டேன். ஒனக்குக் கேக்கலயாக்கும்" என்றாள். "கேக்கல மதினி" என்றேன்.

கேட்டது. இரண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நின்றால் செத்துவிடுவேன் என்று ஓடினேன். ரோட்டு விலக்கில் உங்கள் சைக்கிள் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பூட்டியிருந்தது. பூட்டாமல் இருந்திருந்தால் ஏறிப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உங்களை என்னென்ன கேட்டேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது.

செவ்வாய்க்கிழமை வாருங்கள். மதினி வீட்டுக்குப் போய் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள்
பொன்மணி