சிறுகிழங்குப் பாத்தியில் ஊற்றிய தண்ணீர்

பிரியமுள்ள மதினிக்கு,

"நான்தான் ஊற்றினேன்" என்று அன்று நான் சொல்லவில்லை. பாத்தியருகே அம்மாவும் நீங்களும் நின்றீர்கள். நான் துவைகல் பக்கம் நின்றேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆமத்தூருக்கு வந்த வருஷமே, அம்பாசமுத்திரத்திலிருந்து சிறுகிழங்குக் கொடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டீர்கள். "கடையில விக்கிறதெல்லாம் ஒரு கிழங்கா? பொங்கலுக்குப் பாருங்க" என்று எங்களைச் சீண்டுவீர்கள்.

பட்டாசுக் கம்பெனிக்கு நீங்கள் உடுத்திப்போகும் சேலையைத் தனி வாளியில் அலசுவது என் வேலை. பட்டாசு மருந்து கலந்த அந்தத் தண்ணீரைத் தெருமுனைச் சாக்கடையில்தான் கொட்டவேண்டும். அந்த வருஷம் குழாயில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர். கொடி வாடியது. வீணாக்க மனமில்லாமல் மூன்று வாரம் பாத்தியில் ஊற்றிவிட்டேன்.

மார்கழிக் கடைசியில், மண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்குவதை அம்மா பார்த்தாள். என் படிப்பை நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்ப அவள் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம்.

"எவ பாத்த வேல இது? காலேசுக்காரின்னா நாளையோட நின்னுக்கிடட்டும்."

"நாந்தான் அத்தை. அசதியில ஊத்திட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

"மருந்துல கெடக்கிறவளுக்கே தெரியலையாக்கும். ஒங்க வீட்டுல வளத்த லெச்சணம் அப்படி."

நீங்கள் குனிந்து பாத்தி முழுவதையும் தோண்டி, ஒரு கிழங்குகூட யார் வாயிலும் படாமல் குழியில் போட்டு மூடினீர்கள். அப்புறம் என் பக்கம் வந்து, "படிச்ச புள்ள தண்ணி பாய்ச்சுன அழகப் பாரு" என்று சிரித்தீர்கள். உங்களுக்கு எப்போது தெரிந்தது? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

மதினி, நான் படித்து முடித்துவிட்டேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். எனக்கு விழவேண்டிய ஏச்சை நீங்கள் வாங்கிக்கொண்டதால் கிடைத்த வேலை இது. மஞ்சள்காமாலையில் நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. அண்ணன் புதுமண் கொட்டிய பாத்தியில் மறுபடி கொடி வைத்தேன், கிழங்கு நன்றாக இறங்கியிருந்தது. இந்தப் பொங்கலன்று கிழங்கைச் சாக்கில் போட்டுத் தட்டித் தோல் நீக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, "அவளப் பெத்தவளையும் சேத்துல்ல பேசிட்டேன்" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போய் உங்கள் அம்மாவிடம் நடந்ததைச் சொல்வேன். இது சத்தியம். அம்மாவும் கூட வருகிறாள்.

உங்கள் நாத்தனார்,
செல்வி