சகலையும் மாஸ்ஃபெட்டும்

மார்ச் 12, ஞாயிறு

காலையிலேயே வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றபடி. நாற்பத்தேழு வயதில் டியூஷன். இருபத்திரண்டு வருடம் ரேடியோ, டி.வி. பிரித்து மாட்டியவன், முன்பெஞ்சில் நோட்டோடு. காரணம், சகலை தங்கராஜ். என் மனைவியின் தங்கை புருஷன். 'இன்வெர்ட்டர் ரிப்பேர்' என்று போர்டே மாட்டிவிட்டான். இன்வெர்ட்டருக்குள் இருப்பது மாஸ்ஃபெட் என்ற புதுவகை டிரான்சிஸ்டர்; சுருக்கமாக ஃபெட். எனக்கு அது பிடிபடவில்லை. இதே வகுப்பில் எனக்கு இரண்டு மாதம் சீனியர் அவன்.

வாத்தியார் சொன்னது: பழைய டிரான்சிஸ்டருக்கு பேஸ் என்ற காலில் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபெட்டுக்கு கேட் என்ற காலில் வோல்டேஜ் நின்றாலே போதும், வழி திறந்துவிடும்.

என் குறிப்பு: டிரான்சிஸ்டர் = நான். காபி ஊற்றினால்தான் அசைவேன். ஃபெட் = தங்கராஜ். மாமனார் வாசலில் வந்து நின்றாலே ஓடுவான்.

மார்ச் 14, செவ்வாய்

வாங்க வேண்டியது: ஈயக்கம்பி, பேஸ்ட், கத்தரிக்காய்.

மில் மேனேஜர் ஆள் அனுப்பினார். பழுதான இன்வெர்ட்டர் இரண்டு, வியாழக்கிழமை வந்து சரிசெய்ய வேண்டுமாம். எனக்கொன்று, தங்கராஜுக்கொன்று. ஓட்டிக்காட்டுகிறவருக்கு மில் வேலை முழுவதும்.

மனைவி: "தங்கச்சி மாப்பிள்ளை புது மீட்டர் வாங்கியிருக்காவளாம். நீங்க அந்தப் பழசையே கெட்டிக்கிட்டு அழுங்க."

கத்தரிக்காய் மறந்துவிட்டேன். அதற்கும் தங்கராஜ்தான் காரணம்.

மார்ச் 16, வியாழன்

மில். பறக்கிற பஞ்சில் நாலு தும்மல். மேனேஜர் நாற்காலி போட்டு எதிரிலேயே. புது மாஸ்ஃபெட்டைச் சரியாகத்தான் எடுத்தேன். மாட்டுமுன் கை சும்மா இருக்கவில்லை. ரேடியோக்காரன் புத்தி. எதையும் விரலால் தொட்டுத்தானே பார்ப்போம், ஸ்பீக்கர் 'கொர்' என்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கேட்டைத் தொட்டுவிட்டேன். பாலியஸ்டர் சட்டை உரசி உடம்பில் ஏறும் ஸ்டாட்டிக் மின்சாரமே அதைக் கொன்றுவிடும் என்று வாத்தியார் மூன்று முறை சொன்னாராம். அந்நேரம் நான் தங்கராஜின் புது வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்விட்ச் போட்டதும் 'பட்'. புகை.

மேனேஜர்: "என்னய்யா இது?"

நான் வாய் திறக்குமுன் தங்கராஜ்: "சார், இந்த சரக்கே டூப்ளிகேட்டு. எனக்கும் நேத்து ரெண்டு போச்சு. அண்ணாச்சி வேலையில குத்தமில்ல."

தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிக்கொண்டே என் காதில், "கேட்ட தொடாதீய அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஓடியது. இரண்டும் ஓடின. மில் வேலை ஆளுக்குப் பாதி.

பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எம்புட்டு அழகாய்ப் பொய் சொன்னான். இருபத்திரண்டு வருடமாக வாடிக்கைக்காரர்களிடம் தினமும் சொல்லியும் எனக்கு அந்த நயம் வந்ததில்லை.