அம்மா அளவு குறைத்த மாத்திரைகள்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்ல, சின்னவள் எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் அதுவே எனக்குப் பாதி மருந்து. வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. எனக்கு உடம்பு முன்பைவிடத் தேவலை, கை நன்றாக வேலை செய்கிறது. கீழ்வீட்டுத் தையல் கடைக்காரர் எந்தத் துணிக்கும் அரை இஞ்சு கூடுதலாக விடச் சொல்லும் பழக்கத்தை இன்னும் விடவில்லை, அவர் கொடுக்கும் கோட்டுகளுக்கெல்லாம் நான்தான் பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுக்கிறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழக்கமாகப் போவதுதான். லீவு கேட்டுக்கொண்டு ஓடி வராதே.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. முடித்த கோட்டைக் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்கிறேன் என்று கீழே போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் நான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மா ஊசியில் தானே நூல் கோத்தாள். நான் முதலில் கவனித்தது அது ஒன்றுதான். புற்றுநோய்க்கான மாத்திரை இரண்டு வாரம், ஓய்வு ஒரு வாரம் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது வாரம் வந்தால் மாத்திரையால் அவள் உள்ளங்கை சிவந்து, விரல் நுனியெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி உரியும், டம்ளரைக்கூடத் துணியால்தான் பிடிப்பாள். போன மாதங்களில் அந்த வாரம் முழுக்க நூல் கோத்ததும் காஜா எடுத்ததும் நான், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னது அம்மா. செவ்வாய்க்கிழமை இரண்டாவது வாரத்துக்குள் வந்துவிட்டிருந்தோம். ஜன்னல் பக்கம் திரும்பி, நூல் நுனியை உதட்டில் நனைத்து, ஒரே தடவையில் கோத்துவிட்டு, என்னைப் பார்த்து, உன் கண்ணுக்கு வயசாயிடுச்சா, நேத்து மூணு தடவை விட்டியே என்று கேலி வேறு செய்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அக்கா, ஆனால் காலண்டரில் நாளைத்தான் எண்ணினேன்.

மறுநாள் கறுப்புப் பொத்தான் தேடியபோது தையல் டப்பாவின் அடியில் சாப்பிடாத மாத்திரைப் பட்டைகள் இருந்தன. மாத்திரை மாத்திரையாக எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்கு மேல். அம்மாவிடம் கேட்டேன், அவள் மழுப்பவில்லை. முதல் நாள் டாக்டர் உயரம், எடை எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டுத்தானே காலையில் நாலு, மாலையில் நாலு என்று எழுதினார், அதனாலேயே அவரை அம்மாவுக்குப் பிடித்துப்போய், அளவெடுத்துக் குடுக்கற ஆளு என்று உனக்கு எழுதச் சொன்னாளே, அந்த அளவில்தான் கை வைத்திருக்கிறாள். அன்னிக்கு அறுபத்தியோரு கிலோ இருந்தேன்டி, இப்ப ஐம்பத்தாறு, ஆள் இளைச்சா சட்டையைப் பிடிச்சுத் தைக்கறோமா இல்லையா, அது மாதிரி மாத்திரையையும் கொஞ்சம் பிடிச்சேன் என்றாள். போன சுற்றில் வேளைக்கு மூன்று, கை கொஞ்சம் தேறியதும் இந்தச் சுற்றில் இரண்டு. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறார்களே, குறைக்க வேண்டுமென்றால் அவர்களே குறைத்திருப்பார்களே என்று கேட்டதற்கு, பாக்கறாங்க, எழுதறாங்க, அதோட சரி, போட்டுப் பாக்கறவளுக்குத்தானே எங்க இறுக்குதுன்னு தெரியும் என்றாள்.

இதில் பயம் என்னவென்றால், போன தடவை ரத்தச் சோதனையில் நோய் வளர்கிறதா என்று காட்டுகிற அந்த எண் ஏறியிருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்கதானேம்மா என்று கேட்டார். ஒண்ணு விடாம என்றாள் அம்மா. எனக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நானும் தலையை ஆட்டினேன். அப்படியென்றால் மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை, அடுத்த தடவையும் ஏறியிருந்தால் நரம்பில் ஏற்றுகிற மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் நர்ஸிடம் அம்மா விசாரித்தாள். அந்த மருந்தில் சிலருக்கு விரல் மரத்துப்போகும், மருந்தை நிறுத்தின பிறகும் சிலருக்குச் சரியாவதில்லை என்று அவர் சொன்னார். பார் அக்கா, விரலைக் காப்பாற்றத்தான் அம்மா மாத்திரையைக் குறைத்தாள், குறைத்ததாலேயே விரலை எடுத்துவிடக்கூடிய மருந்து வரப்போகிறது. கேட்காத மாத்திரை என்று டாக்டர் நினைப்பதை இரண்டு சுற்றாக அவள் முழு அளவு சாப்பிடவே இல்லை. உள்ளே இருக்கிற நோய்க்கு இதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்கு வளரும்.

இதையே அம்மாவிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கையில் இருந்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, மருந்து உயிரை வெச்சிருக்கும், சரி, அந்த உயிரை வெச்சுக்கிட்டு நான் உள்ளங்கையைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா என்று கேட்டாள். வயிறு எப்ப கூப்பிடுமோன்னு பஸ்ல ஏறவே பயப்படறேன், ஒரு தெரு தாண்டி நடக்க முடியலை, இருக்கறது இந்த ரெண்டு கைதான் என்றாள். அப்பா போன பிறகு அந்தக் கை நம்மை வளர்த்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கை உரிவதையும் வயிற்றையும் டாக்டரிடம் சொன்னால் அவரே பார்த்துக் குறைப்பாரோ என்னவோ, களிம்பாவது தருவார், அதைச் சொல்லேன் என்று கெஞ்சினேன். அவர் திட்டினாக்கூடப் பரவாயில்லடி, ஒண்ணு விடாமன்னு சொன்ன வாயால இனி என்னத்தைச் சொல்றது, அந்த ஆள் முகத்தை எப்படிப் பாக்கறது என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். அவளுக்கு வெட்கம் அக்கா. நோயைவிட அதற்குத்தான் பயப்படுகிறாள். எனக்கோ வெளியாள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டபோது எல்லோரும் வருத்தப்பட்டீர்கள், இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. நாளை மறுநாள் வியாழக்கிழமை.

அம்மா மேலே வந்துவிட்டாள். இவ்வளவு நேரம் என்ன எழுதினே, படி என்றாள். சில பக்கங்களைத் தாண்டிப் படித்திருக்கலாம், முடியவில்லை, எல்லாவற்றையும் படித்தேன். அவள் புடவையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். வெங்காயத் தோல்னு எல்லாம் எழுதாதே, அவ அங்க அழுதுட்டு உக்காந்திருப்பா என்றாள். அப்புறம், அறுபது இல்ல, முந்தாநாளோட எண்பத்தி நாலு, எழுதறதை ஒழுங்கா எழுது என்றாள். கிழிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பெரியவ தெரிஞ்சுக்கட்டும், டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் திறந்தே, அடுத்த கடிதத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன் என்றாள். இனி அவள் சொல்வது.

என் கண்ணே, சின்னவள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பதறாதே, அவள் ஈயைக்கூட யானையாகப் பார்ப்பவள். நீ எடுத்த வேலை தடையில்லாமல் நடக்கட்டும், உன் வீட்டில் சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீரட்டும், நான் நினைக்கிறபோதெல்லாம் உன்னை வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறேன். மாப்பிள்ளையின் சட்டை அளவை மறக்காமல் எழுதி அனுப்பு, தோளைத் தனியாக அளந்து எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, கையெழுத்து அம்மா தன் கையாலேயே போட்டது. போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஆஸ்பத்திரி அட்டையின் பின்பக்கம், தொந்தரவு எதுவானாலும் அழைக்கவும் என்று ஒரு எண் போட்டிருந்தது. அதையும் போனையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் அழைத்தேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். சின்ன மகள் என்று சொல்லிவிட்டு, எண்பத்து நான்கு மாத்திரைகளையும் சொன்னேன்.