கடைசிப் பக்கத்துக் கேள்வி

மகனே,

நாஷ்வில்லில் ஒரே மழை. நம் கிறிஸ்தவ இசைப் பத்திரிகை வழக்கம்போல் ஓடுகிறது. அட்டைப்படத்துப் பாடகன் பச்சை குத்தியிருக்கிறான் என்று ஒரு சபை சந்தாவை நிறுத்திவிட்டது. அவன் குத்தியிருந்தது வேதவசனம்தான்.

நம் கடைசிப் பக்கம் நினைவிருக்கிறதா? பிள்ளைகள் பக்தி சாராத, உலகத்து ராக் குழு ஒன்றைக் கேட்டால், அதற்குப் பதிலாக எந்தக் கிறிஸ்தவக் குழுவைக் கேட்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்வோமே, அதுதான். இந்த மாதம் ஒரு தாய் உன் குழுவின் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தாள்.

"நம்ம ஆளுங்க யாரையாவது போட்டு முடிங்க பாஸ், அச்சுக்குப் போகணும்," என்றாள் துணையாசிரியை மார்லிஸ். "நீங்கதான் பையன் பாட்டைக் கேக்கவே மாட்டீங்களே!"

'இவர்களுக்கு ஈடாக நம்மிடம் யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

உங்கள் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் மட்டும் உன் டிரம்ஸ் முந்திக்கொண்டு ஓடுகிறது. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த அவசரம்.

அப்பா