பலகைக்கு ஐந்து சொல்

ஆவணி 3, செவ்வாய்
தூறல். மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய வருடம். போன மாதம் நிலாவில் ஆள் இறங்கினான். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சேதி: தனபால் வருகிறான். மூத்த மகன். ஸ்பெயின்காரர்கள் தீவு ஒன்றில், சிந்திக்காரர் கடையில் வேலை. அங்கேயே கட்டிக்கொண்ட பெண்ணும் கூட வருகிறாள். பெயர் கார்மென். தமிழ் தெரியாது.

சொல்வது நான், எழுதுவது மகள் செல்வி. எனக்குக் கைநாட்டுதான். கேட்டது மட்டும் மறக்காது.

கேட்காமல் செய்த கல்யாணம். என் சம்சாரம் அஞ்சலை சொல்லிவிட்டாள்: "வரட்டும், சோறு போடுறேன். வாயத் தொறக்க மாட்டேன்." அம்மா பேசாவிட்டால் அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிடுவோம் என்று தனபால் எழுதியிருக்கிறான். செய்வான். அவள் பெற்றதுதானே. (இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.)

ஆவணி 5, வியாழன்
நானாவது நாலு வார்த்தை பேசலாம் என்று. கார்மென் பேசும் ஸ்பானிஷைத் தனபாலே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறான். செல்வி வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல.

பேச: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லான்.
சாப்பிட: கோமோ, கோமெஸ், கோமே, கோமேமோஸ், கோமென்.

நான், நீ, அவர், நாங்கள், அவர்கள். வால்தான் மாறுகிறது, நம்முடையது போலவே. 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு இன்னொரு வாலும் உண்டாம், அந்தத் தீவில் யாரும் சொல்வதில்லையாம். நல்லது.

அஞ்சலை அடுப்படியிலிருந்து: "காக்கா கத்துறாப்பல இருக்குது." பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே விழுந்தது.

ஆவணி 7, சனி
நல்ல வெயில். செராமிக் கம்பெனியில் ஊறுகாய் ஜாடி காயவைப்பது என் வேலை. பலகைக்கு ஐந்து ஜாடி. இன்று ஜாடிக்கு ஒரு சொல். முதல் பலகை பேச்சு, அடுத்தது சாப்பாடு. மதியத்துக்குள் தண்ணீர் பட்ட பாடு.

கூட வேலை செய்யும் கோவிந்தன்: "என்னா மாமா, ஜாடிக்கு மந்திரம் ஓதுறியா?"
"மருமவகிட்டப் பேசப் போறேன்டா."
"மாமனாரு நேரா பேசுறதா? எங்கப்பாரு வந்தாலே எம் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால போயிடும்."
"அவ ஊருல கதவு வேற மாதிரிடா."

மூக்குப்பொடி தீர்ந்தது. செல்விக்கு ரிப்பன்.

ஆவணி 10, செவ்வாய்
இடுப்பு வலி. நேற்றிலிருந்து அஞ்சலை வீடு மெழுகுகிறாள். கேட்டால், "ஊரு பேசுமில்ல."

ஆவணி 12, வியாழன்
வந்துவிட்டார்கள். ஜங்ஷனில் இறங்கியதும் கார்மென் கும்பிட்டாள். நல்ல உயரம். புடவை. நானும் கும்பிட்டேன்.

வீட்டில் இலை போட்டது. விரால் குழம்பு. கார்மென் கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்க்கிறாள். பெரியவர்கள் சொன்னால்தான் கை வைக்க வேண்டும் என்று தனபால் பழக்கியிருக்கிறான். அஞ்சலை பரிமாறிவிட்டு உம்மென்று நிற்கிறாள். தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

சரி என்று வாய் திறந்தேன். 'சாப்பிடுறியா' என்பது சாப்பாட்டுப் பலகையில் இரண்டாவது ஜாடி. தனியாக வருமா அது? முதலிலிருந்து போனேன். "கோமோ, கோமெஸ், கோமே..." நிறுத்தவும் முடியவில்லை, ஐந்தையும் இறக்கிவிட்டுத்தான் நின்றேன். நான் சாப்பிடுகிறேன், நீ சாப்பிடுகிறாய், ஊரே சாப்பிடுகிறது. கார்மென் முழிக்கிறாள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அப்போது அஞ்சலை. கரண்டியோடு குனிந்து, கார்மெனின் முகத்துக்கு நேராக: "கோமெஸ்?"

அது ஒன்றுதான். சுத்தமாக.

கார்மென் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று என்னவோ சொன்னாள், கண்ணில் தண்ணீர். ஒன்றும் புரியவில்லை. பிறகு நன்றாகச் சாப்பிட்டாள். குழம்பு இரண்டு தரம்.

சாயங்கால ரயில் போய்விட்டது. தனபால் பாயில் தூங்குகிறான்.

அஞ்சலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாக: "ஏங்க, பேசுறதுக்கு என்னா?"
"ஆப்லோ, ஆப்லாஸ்..."
"அய்ய, முழுசும் வாணாங்க. அவகிட்டச் சொல்றது எதுவோ அத மட்டும் சொல்லுங்க."