இருட்டிய பின் ஒரு வாய் சோறு

என்னங்க,

நானும் ருக்மணியும் பினாங்கு வந்து சேர்ந்தோம். விமானம் தாமதம். ருக்மணியின் அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போதே இருட்டிவிட்டது.

சீனப் பெண்ணைக் கட்டினார் என்று வீட்டார் ஒதுக்கிவைத்த அண்ணன். இருபது வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறாள். அந்த அண்ணி வெங்காயம்கூடச் சேர்க்காமல் எங்களுக்கென்று சமைத்து வைத்திருந்தார்.

"பொழுது போயிடுச்சி ருக்கு. காலைல சாப்டுக்கலாம்," என்றார் அண்ணன்.

நம் சமண வீடுகளில் ருக்மணியைப்போல் யார் உண்டு? காய்ச்சலில் கிடந்தாலும் பொழுது சாய்ந்தபின் தண்ணீர் தொடமாட்டாள். அவள், "பரவால்ல, போடுங்க அண்ணி," என்று உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். செஞ்சியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நம் மகள் காதலித்துக் கட்டிக்கொண்டு போன வீடு வல்லத்தில்தான் இருக்கிறது. பஸ் ஏறினால் பக்கம். நீங்கள் பகலிலேயே போய்ச் சாப்பிட்டு வரலாம்.

உங்கள் மனைவி