அண்ணா கார்ட் எடுத்த நேரம்

செவ்வாய்க்கிழமை, இரவு. வெள்ளவத்தை.

அண்ணா குடித்த தேநீர்க் கோப்பையை இன்னும் கழுவவில்லை. தொட மனம் வரவில்லை.

நான்தான் அவரைக் கூப்பிட்டேன். மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் போக, செலவழிப்பதற்கு ஏற்ப இலவச டிக்கெட்டுக்கான விமான மைல்ஸ் தரும் கிரெடிட் கார்ட் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளின் துண்டுப்பிரசுரங்களை மேசையில் விரித்தோம். ஒன்றில் சேர்ந்தவுடனேயே கொஞ்சம் மைல்ஸ். மற்றதில் அள்ளித் தருகிறார்கள், ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் பெருந்தொகை செலவழிக்க வேண்டும்.

“அவ்வளவு செலவுக்கு நான் எங்க போறது?” என்று கேட்டேன்.

“பெரிய செலவு ஒண்டு வரப்போகுதெண்டு தெரியேக்க எடுக்கவேணும். நான் அப்பிடித்தான் எடுத்தனான். அம்மா ஆஸ்பத்திரியில இருக்கேக்க.”

பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மா இருந்தது அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சதமும் கட்டவில்லை. பெரிய செலவு செத்தவீடுதான். உடலை வைத்திருந்த மலர்ச்சாலை, பெட்டி, முப்பத்தோராம் நாள் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அப்பாவிடமும் என்னிடமும் காசாக வாங்கித் தன் கார்டில் கட்டினார். தனியாளாக நின்று எல்லாம் பார்க்கிறாரே என்று அன்று கண்கலங்கினேன். அந்த மைல்ஸில்தான் அண்ணியோடு சிங்கப்பூர் போய்வந்திருக்கிறார்.

அதைக்கூட மன்னிக்கலாம். அந்தக் கார்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் தினமும் எனக்கு என்ன சொன்னார்? “அம்மா வீட்டுக்கு வந்திடுவா, நீ அழாதை.” அதை நம்பி அம்மாவின் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினேன்.

போகும்போது அப்பாவின் அறைப் பக்கம் பார்த்து, “அப்பாவுக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். வழமையாகக் கேட்பதுதான்.

“நல்ல சுகமா இருக்கிறார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார்.